டீம் முழுக்க ஒரே நடையில் கோட் எழுத: பேசி முடிவெடுப்பதிலிருந்து தானாகச் சரிபார்ப்பது வரை

உங்கள் டீமின் கோட் ரிவ்யூவில் விழுந்த கமென்ட்களை ஒருமுறை உட்கார்ந்து வகை பிரித்துப் பாருங்கள். ‘இங்கே ஒரு ஸ்பேஸ் விடவும்’, ‘ஒற்றை மேற்கோள் வேண்டாம், இரட்டை போடவும்’, ‘இந்த இம்போர்ட் மேலே போகணும்’ என்ற ரகம் நிறைய இருந்தால், இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் அதிகம் அடிபடுவது புதிதாகச் சேர்ந்தவர்தான். அவர் யோசித்து யோசித்து எழுதிய முதல் புல் ரெக்வெஸ்டில் (தன் மாற்றத்தை மெயின் நிரலில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வரும் பதில் எல்லாம் காற்புள்ளியைப் பற்றியே இருக்கும். அவர் எழுதிய லாஜிக் சரியா என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அதே குறையை ஒரு கருவி சொன்னால் யாருக்கும் மனம் சுருங்காது. சீனியரின் நேரமும் மிஞ்சும்.

இந்தக் கட்டுரை அந்த நிலைக்கு ஒரு டீமைக் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றியது. உதாரணத்துக்குப் பைத்தானில் எழுதும், கிட்ஹப்பில் வேலை செய்யும் ஒரு சிறு டீமை எடுத்துக்கொள்கிறேன். வேறு மொழியில் எழுதுபவர்களுக்குக் கருவிகளின் பெயர் மாறும். செய்ய வேண்டிய வரிசை மாறாது.

ஃபார்மேட்டர் வேறு, லின்டர் வேறு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஃபார்மேட்டர் நிரலின் தோற்றத்தை மட்டும் மாற்றும். வரியை எங்கே உடைப்பது, எத்தனை ஸ்பேஸ் விடுவது, எந்த மேற்கோள் குறி போடுவது ஆகியவைதான் அதன் வேலை. நிரல் செய்யும் காரியம் மாறாது. கோ மொழியோடு சேர்ந்தே வரும் கோஃபார்மேட் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. கோ எழுதும் யாரும் இன்று டேபா ஸ்பேஸா என்று சண்டை போடுவதில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017இல் பிரிட்டியர் வந்தது. பைத்தானுக்கு 2018இல் வூகாஷ் லங்கா எழுதிய பிளாக் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், நமக்கு அதிகம் தேர்வு கொடுக்காமல் இருப்பது. முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அதன் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லின்டர் தோற்றத்தைத் தாண்டி, ‘இது தப்பாகப் போகலாம்’ என்று எச்சரிப்பது. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட் இந்த வகைக்கு முன்னோடி. லின்டர் எதைப் பிடிக்கும் என்பதற்குப் பைத்தானில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கடைக்காரருக்கான ஒரு ஃபங்ஷன்: பொருளின் பெயரை வாங்கி, கூடைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தருகிறது. கூடை கொடுக்கப்படாவிட்டால் வெற்றுப் பட்டியல் என்று அளவுருவிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒருமுறை ஓட்டினால் சரியாகவும் வேலை செய்யும். ஆனால் பைத்தான் அந்த வெற்றுப் பட்டியலை ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாக்குகிறது. ஆகவே முதல் வாடிக்கையாளர் போட்ட அரிசி, இரண்டாவது வாடிக்கையாளரின் கூடையிலும் வந்து நிற்கும். ரிவ்யூ செய்பவர் களைப்பாக இருந்தால் இது கண்ணில் படாது. லின்டருக்குக் களைப்பு கிடையாது.

தோற்றம் வெறும் அழகு சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஆப்பிளின் 2014 கதையைச் சொல்ல வேண்டும். இணையப் பாதுகாப்பு இணைப்பைச் சரிபார்க்கும் சி நிரலில் ‘கோடூ ஃபெய்ல்’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. மேலே இருந்த இஃப் நிபந்தனைக்கு அடைப்புக்குறி போடவில்லை. அதனால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குள் அடங்கியது. இரண்டாவது வரி எப்போதும் ஓடி, மிச்சச் சோதனைகளைத் தாண்டிக் குதித்தது. போலிச் சர்வர் ஒன்று தன்னை அசல் என்று காட்டிக்கொள்ள வழி திறந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஐஓஎஸ் 7.0.6 மூலம் சரிசெய்தார்கள். இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி இருந்ததால் கண் ஏமாந்தது. ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து வைத்திருக்கும், பார்த்தவுடன் உறுத்தியிருக்கும்.

கருவிக்கு முன் பேச்சு

ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கருவியை நிறுவிவிட்டு, காலையில் எல்லோருடைய பில்டும் உடைந்து கிடப்பதைப் பார்க்க வைப்பதுதான் இதைக் கெடுக்க மிகச் சுலபமான வழி. கருவி நல்லதாகவே இருந்தாலும், கேட்காமல் திணித்ததை யாரும் விரும்ப மாட்டார்கள். அப்புறம் அதைச் சுற்றிப் போகும் வழியைத்தான் தேடுவார்கள்.

ஆகவே ஒரு சந்திப்பு வையுங்கள், நேர வரம்போடு. சொந்தமாக ஒரு நடைக் கையேட்டை முதலிலிருந்து எழுத உட்காராதீர்கள். பைத்தானுக்கு 2001 முதல் பெப் 8 என்ற நடைக் கையேடு இருக்கிறது. அதைப் பெரும்பாலும் பின்பற்றும் ஃபார்மேட்டர்களும் இருக்கின்றன. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, டீம் உண்மையில் தீர்மானிக்க வேண்டியவற்றை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அவை மிகக் கொஞ்சம்தான். ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம்? பெப் 8 சொல்வது 79. டீம் சம்மதித்தால் 99 வரை போகலாம் என்றும் அதுவே சொல்கிறது. பிளாக்கும், பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் ரஃப் என்ற கருவியும் 88ஐ முன்னிருப்பாக, அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது எடுத்துக்கொள்ளும் அளவாக, வைத்திருக்கின்றன. மேற்கோள் குறி ஒற்றையா, இரட்டையா? லின்டரின் எந்தெந்த விதிக் குடும்பங்களை இப்போதே இயக்குவது? தானாக உருவாகும் கோப்புகள், டேட்டாபேஸ் மைக்ரேஷன் போன்ற எந்தெந்தக் கோப்புறைகளைத் தொடக்கூடாது?

கருத்து ஒத்துவராத இடத்தில் ஒரு எளிய விதியை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்: கருவியின் முன்னிருப்பு எதுவோ அதுவே. ‘எனக்கு 120 பிடிக்கும்’ என்பவரும் ‘எனக்கு 79தான்’ என்பவரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட, இருவருக்கும் சொந்தமில்லாத 88 மேல். சீனியர் சொல்வதே சட்டம் என்று ஆகாமல் இருக்கவும் இது உதவும். புதிதாகச் சேர்ந்தவர் அந்த அறையில் வாய் திறக்கத் தயங்குவார். முன்னிருப்பு விதி இருந்தால் அவர் யாருடனும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

பெயர் வைப்பதைக் கருவியிடம் விட முடியாது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வேரியபிளின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். ‘டேட்டா2’ என்பது அர்த்தமுள்ள பெயரா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும். ரிவ்யூவில் மிச்சப்படும் நேரம் இதற்குத்தான்.

முடிவுகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி, நிரல் இருக்கும் ரிப்போவிலேயே வைத்துவிடுங்கள். விதியை மாற்ற விரும்புபவர் கான்ஃபிக் கோப்பை மாற்றி ஒரு புல் ரெக்வெஸ்ட் அனுப்பட்டும். பேச்செல்லாம் அங்கே நடக்கட்டும். வேறொருவருடைய புல் ரெக்வெஸ்டின் நடுவில் நடை விவாதம் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியை அமைப்பது

இன்று பைத்தானில் புதிதாகத் தொடங்கும் டீமுக்கு நான் ரஃப்பைத்தான் சொல்வேன். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டதால் மிக வேகமாக ஓடுகிறது; லின்டர், ஃபார்மேட்டர் இரண்டும் ஒரே கருவியில் இருக்கின்றன. ஏற்கெனவே பிளாக்கும் ஃப்ளேக்8 என்ற லின்டரும் வைத்து நிம்மதியாக இருக்கும் டீம் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

ப்ராஜெக்டின் வேர்க் கோப்புறையில் உள்ள பைபிராஜெக்ட் கோப்பில் ரஃப்புக்கென ஒரு பகுதி எழுதுங்கள்: வரி நீளம், எந்தப் பைத்தான் பதிப்பு, தவிர்க்க வேண்டிய கோப்புறைகள். பிறகு இரண்டு கட்டளைகள். ‘ரஃப் ஃபார்மேட்’ தோற்றத்தைச் சரிசெய்யும். ‘ரஃப் செக்’ லின்டர் வேலையைச் செய்யும். இங்கே புதியவர்கள் அடிக்கடி தடுக்கும் ஒரு கல்: ‘ரஃப் ஃபார்மேட்’ இம்போர்ட் வரிகளை வரிசைப்படுத்தாது. அது லின்டரின் ‘ஐ’ குடும்ப விதி. அதை இயக்கி, ‘ரஃப் செக்’ கட்டளையோடு ஃபிக்ஸ் விருப்பத்தைக் கொடுத்தால்தான் இம்போர்ட்கள் அடுக்கப்படும். அதனால் வரிசை எப்போதும் இப்படி இருக்கட்டும்: முதலில் ஃபிக்ஸோடு செக், அதன் பிறகு ஃபார்மேட்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. ஒரு பட்டியலின் கடைசிப் பொருளுக்குப் பின்னும் காற்புள்ளி போட்டிருந்தால், ஃபார்மேட்டர் அந்தப் பட்டியலை வரிக்கு ஒன்றாகவே வைத்திருக்கும். காற்புள்ளியை எடுத்தால், இடம் இருக்கும் பட்சத்தில் ஒரே வரியில் சுருக்கிவிடும். ‘நான் பிரித்து எழுதியதை இது ஏன் சேர்த்துவிடுகிறது’ என்று கேட்பவருக்கு விடை இந்த ஒற்றைக் காற்புள்ளிதான்.

எடிட்டரையும் இப்போதே அமைத்துவிடுங்கள். விஎஸ் கோடில் ரஃப் எக்ஸ்டென்ஷனை நிறுவி, சேமிக்கும்போதே ஃபார்மேட் ஆகும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை எழவே எழாது. அந்த அமைப்பை ரிப்போவிலேயே சேர்த்து வைத்தால் புதியவர் எதையும் தேடி அலைய வேண்டாம். கூடவே ஒரு எடிட்டர்கான்ஃபிக் கோப்பும் வையுங்கள். பைத்தான் அல்லாத யாமல், எச்டிஎம்எல் கோப்புகளுக்கு உள்தள்ளலையும் யூடிஎஃப்-8 குறியீட்டையும் அது பார்த்துக்கொள்ளும். நிரலுக்குள் தமிழ் வாசகங்கள் வைத்திருக்கும் டீம்களுக்கு இந்தக் குறியீட்டு வரி மிக முக்கியம். விண்டோஸிலும் லினக்ஸிலும் கலந்து வேலை செய்தால் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் வரி முடிவை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு எழுத்துகூட மாறாத கோப்பு, முழுதும் மாறியதாக டிஃப்பில் காட்டும்.

பழைய நிரலை ஒரே மூச்சில் ஃபார்மேட் செய்வது

நிறைய டீம்கள் பயப்படும் படி இது. பயத்தில் காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே நேரத்தில் மாறும். ‘இந்த வரியை எழுதியது யார்’ என்று கிட் பிளேமில் பார்த்தால் ஃபார்மேட்டர் ஓட்டியவர் பெயர்தான் வரும். திறந்திருக்கும் பிராஞ்ச்கள் எல்லாம் கான்ஃப்ளிக்டில் சிக்கும். மூன்றுக்கும் வழி உண்டு.

முதலில், கான்ஃபிக் கோப்பை மட்டும் ஒரு கமிட்டாக மெயினில் சேருங்கள். அடுத்த கமிட்டில் ஃபார்மேட்டர் செய்த மாற்றம் மட்டுமே இருக்க வேண்டும்; கையால் திருத்திய ஒரு வரிகூட அதில் கலக்கக் கூடாது. அப்போதுதான் ரிவ்யூ செய்பவர் வரி வரியாகப் படிக்காமல், தானும் அதே கட்டளையை ஓட்டி அதே விடை வருகிறதா என்று பார்த்தால் போதும். டெஸ்ட்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்ய ரிலீஸுக்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திறந்திருக்கும் புல் ரெக்வெஸ்ட்களில் முடிந்தவற்றை முதலில் மெர்ஜ் செய்துவிட்டு, எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது பிளேம். கிட் 2.23இல் (2019) இதற்கென ஒரு வசதி வந்தது. ஃபார்மேட் கமிட்டின் ஹேஷை (கிட் ஒவ்வொரு கமிட்டுக்கும் தரும் அடையாளக் குறி) ‘கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற, புள்ளியில் தொடங்கும் கோப்பில் எழுதி வைத்தால், பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டி அசல் ஆசிரியரைக் காட்டும். கிட்ஹப்பின் பிளேம் பக்கம் இந்தக் கோப்பைத் தானாகவே படிக்கும். சொந்தக் கணினியில் மட்டும் ஒவ்வொருவரும் ஒருமுறை கிட் கான்ஃபிகில் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம்: ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தால், அதாவது பிராஞ்ச்சின் கமிட்களை ஒன்றாகச் சுருக்கிச் சேர்த்தால், கமிட்டின் ஹேஷ் மாறிவிடும். ஆகவே பிராஞ்ச்சில் இருந்த ஹேஷை எழுதாதீர்கள். மெயினில் வந்து இறங்கிய பிறகு அங்கே உள்ள ஹேஷை எடுத்து, தனிக் கமிட்டாகச் சேருங்கள்.

கடைசியாக, மெர்ஜ் செய்ய முடியாமல் நின்றுபோன நீண்ட பிராஞ்ச்கள். கான்ஃப்ளிக்டைக் கையால் ஒவ்வொன்றாகத் தீர்க்க உட்கார்ந்தால் நாள் போய்விடும். இப்படிச் செய்யுங்கள்: ஃபார்மேட் கமிட்டுக்குச் சற்று முந்தைய மெயின் நிலையை, அதாவது கான்ஃபிக் சேர்ந்த கமிட்டை, உங்கள் பிராஞ்ச்சில் வழக்கம்போல் மெர்ஜ் செய்யுங்கள். பிறகு அதே ஃபார்மேட்டரை உங்கள் பிராஞ்ச்சிலும் ஓட்டி கமிட் செய்யுங்கள். இப்போது ஃபார்மேட் கமிட்டை ‘அவர்ஸ்’ என்ற மெர்ஜ் உத்தியோடு மெர்ஜ் செய்யுங்கள். உங்கள் பக்கம் இருப்பதையே அப்படியே வைத்துக்கொள் என்று அது கிட்டுக்குச் சொல்கிறது. இரு பக்கமும் ஒரே கருவியால் ஃபார்மேட் ஆகியிருப்பதால் எதுவும் தொலையாது. அதற்குப் பின் வந்த கமிட்களை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். ‘அவர்ஸ்’ உத்தியை இந்த ஒரே ஒரு கமிட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதைத் தாண்டிய கமிட்களுக்கும் போட்டால் மற்றவர்களின் வேலையைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

இரண்டு காவல்: கமிட்டில் ஒன்று, மெர்ஜில் ஒன்று

இப்போது நிரல் சுத்தமாக இருக்கிறது. மறுபடி அழுக்காகாமல் பார்க்க வேண்டும்.

முதல் காவல் டெவலப்பரின் கணினியில். ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் சோதனைகளைத் தானாக ஓட்டும் ப்ரீ-கமிட் என்ற கருவியை நிறுவி, அதன் யாமல் கோப்பில் ரஃப்பின் இரண்டு ஹுக்குகளையும் (அப்படி ஓடும் சோதனைகள்) மேலே சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ரிப்போவை எடுத்த பின் ஒருமுறை ‘ப்ரீ-கமிட் இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். புதியவருக்கான செட்டப் குறிப்பில் முதல் வரியிலேயே போடுங்கள். அதன் பிறகு கமிட் செய்யும்போது மாறிய கோப்புகள் மட்டும் சோதிக்கப்படும். ஹுக் ஏதாவது திருத்தினால் கமிட் நின்றுவிடும். முதல்முறை பார்ப்பவர் எதையோ உடைத்துவிட்டோம் என்று பதறுவார். ஒன்றும் ஆகவில்லை, திருத்தியதைப் பார்த்து, மறுபடி ஆட் செய்து, மறுபடி கமிட் கொடுத்தால் போய்விடும். இந்தக் காவல் வேகமாக இருக்க வேண்டும். முழு டெஸ்ட்களையும் இதில் போட்டு ஒவ்வொரு கமிட்டையும் நிமிடக் கணக்கில் இழுத்தடித்தால், ‘நோ-வெரிஃபை’ போட்டுத் தாண்டப் பழகிவிடுவார்கள்.

அப்படித் தாண்ட முடியும் என்பதால்தான் இரண்டாவது காவல் வேண்டும். கிட்ஹப்பின் சர்வரில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு சின்ன ஜாப்: எல்லாக் கோப்புகள் மீதும் ப்ரீ-கமிட்டை ஓட்டுவது. ரஃப்பைத் தனியாக நிறுவி ஓட்டுவதைவிட இது மேல். கணினியிலும் சர்வரிலும் ஒரே பதிப்பு ஓடும். இரண்டிலும் வேறு வேறு பதிப்பு இருந்தால் ‘என் கணினியில் பச்சைதானே’ என்ற வீண் குழப்பம் வரும். ஜாபை எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். ரிப்போவின் செட்டிங்ஸில் மெயின் பிராஞ்ச்சுக்குப் பாதுகாப்பு விதி அமைத்து, இந்தச் சோதனை பாஸ் ஆகாமல் மெர்ஜ் ஆகக் கூடாது என்று குறித்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் சிவப்புக் குறி வரும். ஆனால் மெர்ஜ் பொத்தான் வேலை செய்துகொண்டே இருக்கும். அவசரமான ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாரோ ஒருவர் அழுத்திவிடுவார்.

லின்டர் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக

ஃபார்மேட்டரை ஒரே நாளில் கொண்டுவரலாம். லின்டரை அப்படிக் கொண்டுவராதீர்கள். ரஃப்பில் நூற்றுக்கணக்கான விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இயக்கினால் திரை முழுக்க எச்சரிக்கை கொட்டும். யாரும் படிக்க மாட்டார்கள். முன்னிருப்பாக வருவதோடு தொடங்குங்கள். பிறகு இம்போர்ட் வரிசைக்கான ‘ஐ’, அடுத்து ‘பி’. முன்பு சொன்ன வெற்றுப் பட்டியல் பிரச்சினையைப் பிடிப்பது பி006. அது இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. ஒரு குடும்பம் பழகிய பின் அடுத்தது.

பழைய நிரலில் ஏற்கெனவே உள்ள மீறல்களை உடனே திருத்த ஆள் இல்லையென்றால், ‘ஆட்-நோக்யூஏ’ விருப்பத்தோடு ரஃப் செக்கை ஓட்டுங்கள். இன்று இருக்கும் மீறல்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் விலக்குக் குறிப்பை அதுவே எழுதிவிடும். பழையது அப்படியே இருக்கும். புதிதாக ஒன்றும் நுழையாது. நேரம் கிடைக்கும்போது பழையதைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

தானியங்கித் திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். இணையதளங்கள் எழுத உதவும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவில், ஒன்று நடந்ததும் இன்னொன்றைத் தானாக ஓட்டும் சிக்னல்களை இயக்க, ஆப்ஸ் கோப்பின் ரெடி ஃபங்ஷனுக்குள் சிக்னல்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்வது வழக்கம். அந்தப் பெயர் வேறெங்கும் பயன்படாது; இம்போர்ட் ஆவதே அதன் வேலை. லின்டருக்கு அது பயன்படாத இம்போர்ட், எஃப்401. ஃபிக்ஸ் கொடுத்தால் அந்த வரியை நீக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. உதாரணமாக, பயனர் பதிவு செய்தவுடன் சிக்னல் மூலம் போக வேண்டிய மெயில் மட்டும் போகாது. இந்த மாதிரி வரிகளின் ஓரத்தில் நோக்யூஏ குறிப்பை எஃப்401 என்ற எண்ணோடு எழுதி, ஏன் என்று நாலு வார்த்தையும் சேருங்கள். எண் இல்லாத வெறும் நோக்யூஏ அந்த வரியில் வரும் எல்லாக் குற்றங்களையும் மறைத்துவிடும். அதை ரிவ்யூவில் விடாதீர்கள். மேட்ரிக்ஸ் வடிவில் அடுக்கி எழுதிய எண்களைப் போல, கையால் அடுக்கியதே வாசிக்க வசதியாக இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஃபார்மேட்டரை ‘ஆஃப்’, ‘ஆன்’ கமென்ட்களுக்கு நடுவே நிறுத்தி வைக்கலாம்.

பதிப்பை உயர்த்துவதையும் ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பிளாக் தன் நடையை ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில், மாற்றும். ரஃப்பும் 2025 ஜனவரியில் தன் 0.9 பதிப்பில் புதிய நடையைக் கொண்டுவந்தது. ஆகவே ப்ரீ-கமிட் கோப்பில் பதிப்பு எண்ணைக் குறிப்பாக எழுதி நிறுத்தி வையுங்கள். உயர்த்தும் நாளில் அதைத் தனிப் புல் ரெக்வெஸ்டாகச் செய்யுங்கள்: பதிப்பு எண் ஒரு கமிட், அதனால் மாறிய கோப்புகள் இன்னொரு கமிட். இதை மட்டும் ஸ்குவாஷ் செய்யாமல் மெர்ஜ் செய்து, இரண்டாவது கமிட் மெயினில் இறங்கியதும் அதன் ஹேஷையும் பிளேம் விலக்குக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.